தோட்டக் காவலுக்குக் காப்பக நாய்: தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்

தோட்டத்தில் குடியிருக்கும் விவசாயிக்கு நாய் ஆடம்பரப் பொருள் அல்ல. ஆட்டுப்பட்டிக்கு அதுதான் காவல். களத்தில் காயும் நிலக்கடலைக்கும், கிணற்று மோட்டாரில் இருக்கும் செம்புக் கம்பிக்கும் அதுவே காவல். ஆனால் நல்ல நாய் கிடைப்பது இப்போது எளிதாக இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் பக்கத்து இனங்களின் குட்டிகளுக்கு நல்ல கிராக்கி. சிறு விவசாயி விலை கேட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான். தெருவில் திரியும் குட்டியைத் தூக்கி வந்தால் அதற்கு என்ன நோய் இருக்கிறதோ தெரியாது.

இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி உண்டு. அடிபட்ட நாய்களையும் கைவிடப்பட்ட நாய்களையும் வைத்துப் பராமரிக்கும் காப்பகங்கள் நகரங்களில் இருக்கின்றன. சென்னையில் 1959-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புளூ கிராஸ் இவற்றில் பழையது. கோவை, மதுரை போன்ற பெரிய ஊர்களிலும் இத்தகைய அமைப்புகள் செயல்படுகின்றன. இங்கே நாய்களுக்குச் சிகிச்சை செய்து, தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து, வளர்க்க விரும்புவோருக்குத் தத்துக் கொடுக்கிறார்கள். நகரத்து மாடி வீட்டுக்காரர்கள்தான் பெரும்பாலும் போய்க் கேட்கிறார்கள். காப்பகத்தில் இருக்கும் நாய்களில் பெரும்பகுதி நாட்டு நாய்கள். அவற்றுக்கு மாடி வீட்டைவிடத் தோட்டமே ஏற்ற இடம். ஆகவே விவசாயிகள் இதைப்பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பட்டிக்குள் புகுந்த தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் குதறியதும், நிவாரணம் கேட்டு விவசாயிகள் போராடியதும் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்தன. ஒழுங்காகப் பழக்காமல் அவிழ்த்துவிட்ட தோட்டத்து நாயும் இரவில் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். காவலுக்கு வந்த நாய் பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்கு எமனாகிவிடும். ஆகவே நாயைக் கொண்டு வருவதைவிட, வந்த முதல் சில மாதங்களில் அதை எப்படி நிலைநிறுத்துகிறோம் என்பதே முக்கியம்.

எந்த நாய் ஏற்றது?

காப்பகத்துக்குப் போனவுடன் குட்டிகளைத்தான் கண் தேடும். ஆனால் ஆடு, கோழி உள்ள தோட்டத்துக்கு ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள நாயே பல சமயம் மேலானது. அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கோபமா, சாதுவா, மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா என்பதை அங்கே வேலை செய்பவர்கள் சொல்லிவிடுவார்கள். குட்டி வேண்டும் என்றால் எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்கவே கூடாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்து பழக வேண்டிய காலம் அது. சீக்கிரமே பிரித்த குட்டி பிற்பாடு பயந்தாங்கொள்ளியாகவோ, எதற்கெடுத்தாலும் கடிப்பதாகவோ போய்விடும்.

வயதை அறிவதற்கு ஆட்டுக்குப் பார்ப்பதுபோல் பல்லைப் பார்க்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆட்டில் இரண்டு பல், நாலு பல் என்று ஆண்டுக் கணக்கில் பல் மாறும். நாய்க்கு நாலாவது மாதவாக்கில் பால் பல் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் நிலைப்பற்கள் 42-ம் முளைத்துவிடும். அதற்குமேல் பல்லின் தேய்மானத்தையும் மஞ்சள் நிறத்தையும் வைத்து உத்தேசமாகச் சொல்ல முடியுமே தவிர, மாதக் கணக்குச் சொல்ல முடியாது. காப்பகத்தார் 'ரெண்டு வயசு இருக்கும்' என்று சொன்னால் அதில் ஆறு மாதம் முன்பின் இருக்கலாம்.

கூண்டின் முன்னால் நின்று பார்த்தால் நாயின் குணம் தெரியாது. அடைத்து வைத்திருக்கும்போது எந்த நாயும் குரைக்கும். வெளியே கயிற்றில் பிடித்துவரச் சொல்லி, சற்று நேரம் கூட நடந்து பாருங்கள். புதிய ஆளைக் கண்டு முதலில் தயங்கி, பிறகு தானாக வந்து முகர்ந்து பார்க்கும் நாய் நல்ல நாய். மூலையில் ஒடுங்கி, வாலைக் காலிடுக்கில் செருகி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும் நாய்க்கு அதிகப் பொறுமை வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அதைத் தவிர்ப்பதே உசிதம். முடிந்தால் ஒரே நாளில் முடிவு செய்யாமல், இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு அழைத்து வாருங்கள்.

விபத்தில் ஒரு காலை இழந்த நாய்கள் காப்பகங்களில் நிறைய இருக்கும். அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காவலுக்குக் காதும் மூக்கும் குரலும் போதும். மூன்று காலில் நன்றாக ஓடியாடும் நாய் தோட்டத்துக்குத் தாராளமாக உதவும். ஹஸ்கி போன்ற குளிர்நாட்டு நாய்களைக் கைவிட்டவர்களும் உண்டு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று அவற்றை நம் சித்திரை வெயிலில் கொண்டுவந்து கட்டுவது பாவம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

தத்துக் கொடுப்பவர்கள் உங்களிடம் முகவரிச் சான்று கேட்பார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். சிலர் தோட்டத்தையே வந்து பார்ப்பார்கள். இதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம். மாடு விற்பவன்கூடப் போகிற இடம் எப்படி என்று விசாரிப்பது வழக்கம்தானே. நீங்களும் பதிலுக்கு விசாரிக்க வேண்டும். நாய் எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறது, யாரையாவது கடித்திருக்கிறதா, இப்போது என்ன தீனி தின்கிறது, ஆடு கோழியைப் பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்த ஊசி போட்டார்கள், குடற்புழு மருந்து எப்போது கொடுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். காதில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்ததற்கு அடையாளம். குறை என்று எண்ணிவிடக் கூடாது.

காப்பகத்தில் இல்லாமல் நேரடியாகத் தெருநாயைத் தத்து எடுக்கவும் வழி இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், அப்படி எடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்றும் கூறப்பட்டது.

அழைத்து வரும் நாள்

வீட்டில் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்துக் காலை வேளையில் அழைத்து வர வேண்டும். நடவு, அறுவடை நெருக்கடியிலும், தீபாவளிப் பட்டாசு நேரத்திலும் வேண்டாம். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே தீனி கொடுக்காமல் இருந்தால் வழியில் வாந்தி எடுக்காது. சாக்கில் போட்டுக் கட்டி மொபெட்டில் கொண்டு வரும் பழக்கம் இருக்கிறது. நாய் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். பிழைத்தாலும் உங்களை ஜென்மத்துக்கும் நம்பாது. ஆட்டோவிலோ குட்டி யானை வண்டியிலோ, கழுத்துப்பட்டையும் கயிறும் கட்டி, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுவர வேண்டும். அது படுத்திருந்த பழைய சாக்கையோ துணியையோ காப்பகத்தில் கேட்டு வாங்கி வந்தால், அந்த வாசனையில் முதல் இரவு அமைதியாகப் படுக்கும்.

வந்ததும் ஊரைக் கூட்டிக் காட்ட வேண்டாம். முன்கூட்டியே ஓர் இடத்தைத் தயார் செய்திருக்க வேண்டும். வேப்ப மரத்து நிழல், புங்க மரத்து நிழல், திண்ணையோரம், மாட்டுத் தொழுவத்தின் ஒரு மூலை என எதுவும் ஆகும். தகரக் கொட்டகை கோடையில் அடுப்பாகிவிடும். மனிதனைப்போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே நிழலும், நாள்தோறும் மாற்றிய தண்ணீரும் கட்டாயம் வேண்டும். கனமான இரும்புச் சங்கிலியைவிட, நீளமான கயிறே போதும். எந்நேரமும் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, கட்டியே கிடக்கும் நாய் வெறுப்பேறிக் கடிக்கும், காவலுக்கும் ஆகாது.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால், இரண்டையும் வாசலில் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. தோட்டத்துக்கு வெளியே பொதுப் பாதையில் இருவர் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, சற்று இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடக்க வேண்டும். இரண்டும் அலட்சியமாக நடக்கத் தொடங்கியபின் உள்ளே கொண்டுவரலாம். தீனித் தட்டு எப்போதும் தனித்தனியாக, தூரத்தூரமாக இருக்க வேண்டும். புது ஆடு வாங்கினால் சில நாள் ஒதுக்கிக் கட்டிப் பார்த்துவிட்டுத்தானே மந்தையில் சேர்க்கிறோம்? அதுபோல, வீட்டில் ஊசி போடாத குட்டி இருந்தால் புது நாயை இரண்டு வாரம் எட்டக் கட்டுவது நல்லது. முன்பு உங்கள் வீட்டில் ஏதாவது குட்டி இரத்தக் கழிச்சல் கண்டு இறந்திருந்தால், அந்த இடத்து மண்ணில் பார்வோ நோய்க் கிருமி பல மாதம் உயிரோடு இருக்கும். அங்கே முழுத் தடுப்பூசி போட்ட பெரிய நாயைத்தான் கொண்டுவர வேண்டும்.

முதல் மூன்று வாரம்

காப்பகங்களில் அனுபவப்பட்டவர்கள் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. புது இடத்தில் மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று ஊன்ற மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இது அச்சாகப் பொருந்தும் என்றில்லை. ஆனாலும் அவசரப்படாமல் இருக்க இந்தக் கணக்கு உதவும்.

முதல் மூன்று நாளில் நாய் தீனி தொடாமல் இருக்கலாம். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம். தண்ணீர் குடித்தால் ஒரு நாள் தின்னாததற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டாம் நாளும் தின்னாமல் சோர்ந்து கிடந்தாலோ, வாந்தியோ கழிச்சலோ கண்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குட்டியாக இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. தொட்டுப் பார்த்து உடம்பு சுடுகிறதே என்று பதறவும் வேண்டாம். நாய்க்கு இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட்.

ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தீனி வைக்க வேண்டும். சின்னப் பெயராக ஒன்று வைத்து, தீனி வைக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதற்கும் வராது. பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டியவை மூன்று: தின்னும்போது கிட்டப் போகக் கூடாது, தூங்கும்போது தொடக் கூடாது, கழுத்தைக் கட்டிப் பிடிக்கக் கூடாது. நாய் உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமல் என்பது 'தள்ளிப் போ' என்று அது கொடுக்கும் எச்சரிக்கை. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

நாய்க்கு எல்லையைக் காட்டிக் கொடுப்பதுதான் இந்த மூன்று வாரத்தில் முக்கியமான வேலை. காலையும் மாலையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு உங்கள் வரப்பையும் வேலியையும் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு நாளும் அதே வழியில் போக வேண்டும். அது முகர்ந்து பார்க்கவும் சிறுநீர் கழிக்கவும் நேரம் கொடுங்கள். எது நம் இடம் என்று நாய் மூக்கால்தான் தெரிந்துகொள்கிறது. அவசரப்பட்டு முதல் வாரமே அவிழ்த்துவிட்டால், பழைய இடத்தைத் தேடி ரோட்டில் ஓடும். மூன்று வாரம் கழித்தும் முதலில் பகலில், நீங்கள் கூட இருக்கும்போது அவிழ்த்துவிட்டு, கூப்பிட்டால் வருகிறதா என்று பாருங்கள். வந்ததும் ஒரு துண்டு கருவாடோ தேங்காய்ச் சில்லோ கொடுங்கள். இரவில் அவிழ்த்து விடுவது அதற்கும் பிறகு; அதுவும் வேலி உள்ள இடத்தில்தான்.

வாசலில் அசிங்கம் செய்துவிட்டால் மூக்கை அதில் தேய்ப்பது பழைய வழக்கம். அதனால் ஒரு பயனும் இல்லை. தீனி தின்றவுடனும், தூங்கி எழுந்தவுடனும் வழக்கமான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஆடு, மாடு, கோழியுடன்

நகரத்து நாய் ஆட்டைப் பார்த்திருக்காது. முதல் நாள் கயிற்றில் பிடித்து, பட்டியிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி உட்கார வையுங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு துண்டு தீனி கொடுங்கள். ஆட்டை வெறித்துப் பார்த்தபடி உடம்பு விறைத்து நின்றால் தூரம் போதவில்லை என்று பொருள். இன்னும் பின்னுக்கு நகர்த்துங்கள். நாளுக்கு நாள் கிட்டக் கொண்டு போகலாம். ஆடு மிரண்டு ஓடினால் எந்த நாய்க்கும் துரத்தத் தோன்றும். ஆகவே ஆடுகள் அமைதியாகத் தழை தின்னும் நேரமே இதற்கு ஏற்றது. கோழிக்கும் இதே முறைதான். ஆனால் அது படபடவென்று பறப்பதால் நாய் பழக அதிக நாள் ஆகும். கோழியைக் கொன்றபின் இழுத்து வைத்து அடிப்பதால் எந்த நாயும் திருந்தியதில்லை. ஒரு முறை கொன்று ருசி கண்ட நாயைப் பகலில் கட்டியே வைக்க வேண்டும்.

மாட்டின் விஷயம் தலைகீழ். இங்கே ஆபத்து நாய்க்குத்தான். கன்று ஈன்ற பசுவும் எருமையும் புது நாயைக் கண்டால் முட்டித் தூக்கி எறிந்துவிடும். இளங்கன்று உள்ள தொழுவத்தின் அருகே புது நாயை விடக் கூடாது.

தீனி

காப்பகத்தில் தின்ற தீனியைத் திடீரென்று மாற்றினால் கழிச்சல் வரும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நம் வீட்டுத் தீனிக்கு மாற்ற வேண்டும். பெரிய நாய்க்கு இரண்டு வேளையும், குட்டிக்கு மூன்று நாலு வேளையும் வைக்கலாம். வெறும் சோறும் மோரும் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. சோறு அல்லது கேழ்வரகுக் களியோடு வேகவைத்த முட்டை, மீன், கோழிக் கழிவு இறைச்சி ஏதாவது ஒன்று அன்றாடம் சேர வேண்டும். கருவாட்டை உப்புப் போகக் கழுவிவிட்டுப் போடுங்கள். வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வெங்காயம் பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். குழம்புச் சோறாகவே தினமும் போடுவது இதனால்தான் நல்லதல்ல. திராட்சை, சாக்லேட் இரண்டும் நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும்.

நாய் வயிற்றுப் புழுவும் ஆட்டு மந்தையும்

ஆடு வளர்ப்போர் அதிகம் கவனிக்காத விஷயம் இது. நாயின் குடலில் வாழும் சில நாடாப்புழுக்கள் தம் வாழ்நாளின் ஒரு பாதியை ஆட்டின் உடம்பில் கழிக்கின்றன. புழுவின் முட்டை நாயின் சாணத்தோடு புல்லில் விழுகிறது. அந்தப் புல்லை ஆடு மேய்கிறது. ஒரு வகைப் புழுவின் முட்டையிலிருந்து வரும் கட்டி ஆட்டின் மூளையில் வளர்ந்து, ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, கண் தெரியாமல் விழுந்து சாகும். இன்னொரு வகை, ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்கும். இந்த இரண்டாவது வகை மனிதனையும் விடாது. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிட்டால் முட்டை வயிற்றுக்குள் போய், பல ஆண்டு கழித்து ஈரலில் கட்டியாகத் தெரியவரும். அறுவைச் சிகிச்சை வரைக்கும் கொண்டுபோய்விடும்.

இந்த வட்டத்தை உடைப்பது நம் கையில்தான் இருக்கிறது. செத்த ஆட்டின் தலையையும் குடலையும் ஈரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடுகிறோமே, அங்கேதான் புழு மறுபடியும் நாய்க்குள் போகிறது. செத்த ஆட்டை ஆழக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். கடையிலிருந்து வாங்கும் கழிவு இறைச்சியை நன்றாக வேகவைத்தே போட வேண்டும். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். எல்லாப் புழு மருந்தும் நாடாப்புழுவைக் கொல்வதில்லை. பிராசிகுவான்டெல் என்ற மருந்து சேர்ந்ததாக மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். குட்டிகளுக்குப் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே அடிக்கடி கொடுக்க வேண்டும்; காப்பக அட்டையைப் பார்த்தால் எங்கே விட்டது என்று தெரியும்.

பசு நிறைமாதம் ஆகுமுன் நடுவிலேயே கன்று வீசுவதற்குப் பல காரணங்கள் உண்டு. நாய்ச் சாணம் கலந்த தீவனத்தால் பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நோயும் அவற்றில் ஒன்று. வைக்கோல் போரின் மேலும், தீவனத் தொட்டியிலும் நாயைப் படுக்கவிடக் கூடாது. கன்று ஈன்றபின் விழும் நஞ்சுக்கொடியை நாய் தின்றுவிடாமல் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடியைச் சாக்கில் சுற்றி ஆலமரத்தில் உயரக் கட்டும் நம் பெரியவர்களின் வழக்கத்துக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், நாய்க்கு எட்டாமல் வைத்தது நல்ல காரியம். மரம் இல்லாதவர்கள் ஆழமாகப் புதைக்கலாம்.

உண்ணி பற்றியும் ஒரு வார்த்தை. மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தை அதே அளவில் நாய் மேல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நாய் உடம்பை நக்கும். மருந்து உள்ளே போய் வலிப்பு வரும். நாய்க்கென்று உள்ள மருந்தை எடைக்குத் தகுந்த அளவில்தான் பயன்படுத்த வேண்டும். நாய் உண்ணி சுவர் விரிசல்களில் முட்டையிடும். விரிசலைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்காமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைதான். தீனி தின்னாமல், ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போகவும்.

வெறிநோய்

இந்நோய் கண்டபின் நாயும் பிழைக்காது, மனிதனும் பிழைப்பது அரிது. தடுப்பூசி ஒன்றே வழி. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. காப்பகத்தில் ஊசி போட்டாயிற்று என்று அடுத்த ஆண்டு விட்டுவிடக் கூடாது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம்கள் நடைபெறும். மற்ற நாட்களில் கால்நடை மருந்தகத்தில் விசாரிக்கலாம். வெறிநோய் ஊசியோடு பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் இவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட வேண்டும். எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகச் சேற்றில் வேலை செய்பவர்களுக்கும் தொற்றக் கூடியது.

புதிதாக வந்த நாய் பயத்தில் யாரையாவது கடித்துவிட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று சும்மா இருக்கக் கூடாது. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதுவும் அப்பக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் போடும் பழைய ஊசியை நினைத்துப் பயந்து போகாமல் இருப்பவர்கள் இன்னமும் உண்டு. அந்த முறை 2005-ஆம் ஆண்டு வாக்கிலேயே கைவிடப்பட்டது. இப்போது கையில்தான் ஊசி. அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு தடவை போனால் போதும். ஆழமான காயமானால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். கடித்த நாயைக் கொன்றுவிடாமல் பத்து நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நன்றாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அறியலாம். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.

கருத்தடை செய்யாத நாயைத் தந்திருந்தால் ஆறு மாத வயதுக்கு மேல் மருத்துவர் சொல்லும் நாளில் செய்துவிடுங்கள். கருத்தடை செய்தால் நாய் சோம்பேறியாகிக் குரைக்காது என்பது தவறு. பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது ஊர் நாயெல்லாம் உங்கள் பட்டியைச் சுற்றி நிற்பது நின்றுபோகும். ஆட்டுக்கும் அது பாதுகாப்பு.

தோட்டத்து ஆபத்துகள்

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு புது நாய்க்கு முதல் எதிரி. பகலில் கயிற்றில் பிடித்து நடக்கும்போதே கிணற்றைக் காட்டி வைக்க வேண்டும். முடிந்தால் முள் வைத்து அடைத்துவிடலாம். எலி மருந்தும் குருணை மருந்தும் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். எலி மருந்து தின்று செத்த எலியைத் தின்றும் நாய்கள் சாவதுண்டு. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும், திருட்டு மின்வேலியும் சட்ட விரோதம்; பக்கத்துக் காட்டில் யாராவது வைத்திருந்தால் முதலில் சாவது உங்கள் நாய்தான். பாம்பு கடித்து முகமோ காலோ வீங்கினால் நாட்டு மருந்து தேடி அலையாமல் நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஒத்து வராவிட்டால்

மூன்று மாதம் பொறுமையாகப் பழக்கியும் ஆட்டைத் துரத்துவது நிற்கவில்லை, அல்லது பிள்ளைகளிடம் சீறுகிறது என்றால், கொடுத்த காப்பகத்தையே கேளுங்கள். திரும்ப எடுத்துக்கொண்டு வேறு நாய் தரும் காப்பகங்கள் உண்டு. தத்து எடுக்கும்போதே இதைப் பேசி வைப்பது நல்லது. ஆடு இல்லாத உறவினர் தோட்டத்துக்குக் கொடுப்பதானாலும் காப்பகத்தாரிடம் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டும். இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிடுவது மட்டும் கூடாது. நாயை அப்படிக் கைவிடுவதும் மேலே சொன்ன 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான். பசித்த நாய் அந்த ஊர்ப் பட்டியில்தான் முதலில் வாய் வைக்கும். கொடுத்தாலும், திருப்பி விட்டாலும், தடுப்பூசி அட்டையும் கூடப் போக வேண்டும். வைத்துக்கொள்வதானால் அந்த அட்டையைப் பாங்குப் பாஸ்புத்தகத்தோடு சேர்த்து வைத்து, அடுத்த ஊசித் தேதியை நாட்காட்டியில் இன்றே குறித்து வையுங்கள்.